எல்லா வேலைக்கும் ஒரே மலைச் சைக்கிள்: செட்டிநாட்டுக்கு எது சரிப்படும்?

மலைச் சைக்கிள் வாங்கப் போகிறேன் என்று காரைக்குடியில் யாரிடம் சொன்னாலும் "இங்க மலை எங்கய்யா இருக்கு?" என்றுதான் பதில் வரும். கேள்வி நியாயம்தான். குன்றக்குடியில் இருப்பது குன்று, திருமயத்தில் கோட்டை நிற்பது ஒரு பெரிய பாறை, பிரான்மலை நல்ல உயரம்தான் என்றாலும் உச்சிக்கு நடந்துதான் போக வேண்டும். சரியான மலைப்பாதை வேண்டுமென்றால் சிறுமலை, கொடைக்கானல், கொல்லிமலை என்று சைக்கிளை வண்டியில் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும், அது எப்போதாவது நடப்பது. மற்ற நாளெல்லாம் அது ஓடப்போவது இந்த ஊர்களுக்குள்தான். கானாடுகாத்தானிலிருந்து உள்ளே திரும்பினால் செம்மண் வண்டித்தடம், அதைத் தாண்டினால் மாட்டுக் குளம்பு பதிந்து காய்ந்து கல்லாய்க் கிடக்கும் கண்மாய்க்கரை, நடுநடுவே செம்புறாங்கல் துண்டுகள் பெயர்ந்து கிடக்கும் இறக்கம், அப்புறம் திடீரென்று முழங்கால் கனத்துக்குக் கருவமுள் வெட்டிப் போட்டிருக்கும் ஒரு வளைவு. இதில் சாதாரண சைக்கிளை ஓட்டிப் பார்த்தவர்கள் மலை எங்கே என்று கேட்க மாட்டார்கள்.

ஆகவே "எல்லா வேலையும்" என்று நான் சொல்வதை முதலில் பிரித்துக்கொள்கிறேன். செம்மண் தடமும் கண்மாய்க்கரையும், இதுதான் பாதிக்கு மேல். தேவகோட்டைக்கோ திருப்பத்தூருக்கோ தார் ரோட்டில் ஒரு நடை போய்வருவது. சந்தைக்குப் போய்ப் பை நிறைய காய்கறி கட்டிக்கொண்டு வருவது. தை மாதம் பழனிக்கு நடந்து போகிறவர்களுக்குத் துணையாக குன்றக்குடி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் என்று அதே வழியில் மெதுவாக உருட்டிக்கொண்டு போவது. அப்புறம்தான் மலை. இத்தனைக்கும் ஒரே சைக்கிள், வீட்டில் இரண்டு நிறுத்த இடம் இல்லை என்பதற்காக இல்லை (செட்டிநாட்டு வீட்டில் இடத்துக்கு என்ன பஞ்சம்), இரண்டு இருந்தால் ஒன்று கண்டிப்பாகத் தூசி பிடித்துக் கிடக்கும் என்பதால்.

மலைச் சைக்கிள் பிறந்ததே இப்படி ஒரு பொதுச் சைக்கிளாகத்தான். கலிபோர்னியாவில் மரின் பகுதி இளைஞர்கள் 1970களில் பழைய ஷ்வின் சைக்கிள்களை எடுத்து, கொழுத்த டயர் போட்டு, மண்பாதையில் மலையிலிருந்து இறங்கினார்கள். 1976-இல் அவர்கள் போட்டியே வைத்த இறக்கத்துக்கு ரீபேக் என்று பெயர், காரணம் பின்சக்கரத்தின் நடுக்குடமான ஹப்புக்குள் இருக்கும் பிரேக் சூடேறி அதிலிருந்த கிரீஸ் புகைந்து போய்விடும், ஒவ்வொரு இறக்கத்துக்கும் மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டும். 1977-இல் ஜோ பிரீஸ் இதற்கென்றே முதல் பிரேமைக் கட்டினார், 1981-இல் ஸ்பெஷலைஸ்டு கம்பெனி ஸ்டம்ப்ஜம்பரை மொத்தமாகச் செய்து விற்க ஆரம்பித்தது. அப்புறம் வந்ததெல்லாம் பங்கு பிரித்த கதை: கிராஸ் கன்ட்ரி, டிரெயில், எண்டூரோ, டவுன்ஹில் என்று ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சைக்கிள். இன்றைக்கு எல்லாம் செய்யும் ஒன்று வேண்டுமென்றால் அந்தப் பங்குகளில் எதை விட்டுக்கொடுப்பது என்று நாம்தான் தீர்மானிக்க வேண்டும்.

என் முன்னால் இருப்பவை நான்கு. முன்னும் பின்னும் சஸ்பென்ஷன் உள்ள புல் சஸ்பென்ஷன், 130 மில்லிமீட்டர் அளவுக்கு ஏறி இறங்கும் வகை. முன்னால் மட்டும் 120 மில்லிமீட்டர் ஏறி இறங்கும் போர்க் (முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை) உள்ள ஹார்ட்டெயில். சஸ்பென்ஷனே இல்லாமல் மூன்று இஞ்ச் டயரை மட்டும் நம்பி ஓடும் ரிஜிட். நான்காவது, வளைந்த ஹேண்டில்பார் வைத்த கிராவல் சைக்கிள்.

கிராவலை முதலிலேயே கழித்துவிடுகிறேன். தார் ரோட்டில் அது பறக்கும், பழனிப் பாதைக்கும் அருமை, ஆனால் காய்ந்த குளம்புத் தடத்தில் மணிக்கட்டு கழன்று போகும், சிறுமலைக் காட்டுத்தடத்தில் அதை ஓட்டுவது வேண்டாத வீரம்.

புல் சஸ்பென்ஷன்தான் எல்லோருக்கும் ஆசை. எனக்கும் ஆசைதான். பின்சக்கரம் தரையை விடாமல் ஒட்டிக்கொண்டு ஓடும், கல்லும் வேரும் நிறைந்த இறக்கத்தில் அதற்கு ஈடு எதுவும் இல்லை, முதுகுவலிக்காரர்களுக்கு அது ஆடம்பரம் இல்லாமல் தேவையாகவே ஆகிவிடும். சிக்கல் எங்கே என்றால், அந்தப் பின்பக்க மூட்டுகளில் உள்ள பேரிங்குகளுக்கு நம் செம்மண் தூசி ஆகாது. கோடையில் மாவு மாதிரி ஏறும், ஐப்பசி கார்த்திகையில் குழம்பாகி உள்ளே இறங்கும். பேரிங்கை மாற்ற அதற்கென்று உள்ள பிரஸ் வேண்டும். பின் ஷாக்கைப் பிரித்துப் பார்க்க வேண்டுமென்றால், சில மாடல்களில் உள்ளே நைட்ரஜன் அடைத்திருப்பார்கள், பார்சல் கட்டிப் பெரிய ஊருக்கு அனுப்பிவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியதுதான். இத்தனையும் எப்போதாவது போகும் மலைக்காக. மற்ற நாளில் திருப்பத்தூர் ரோட்டில் அந்தக் கூடுதல் இரண்டு மூன்று கிலோவைச் சுமந்துகொண்டு மிதிப்பது. மாதம் தவறாமல் கொடைக்கானல் போகிறவர் என்றால் தாராளமாக வாங்கலாம், அவருக்கு இந்தக் கட்டுரையே தேவையில்லை.

ஆக, மிஞ்சுவது ஹார்ட்டெயிலும் ரிஜிட்டும். இதில்தான் எனக்கு நீண்ட நாள் ஊசலாட்டம்.

ரிஜிட்டின் பெரிய பலம் கெட்டுப்போக ஒன்றும் இல்லை என்பது. மூன்று இஞ்ச் டயரில் 15 பிஎஸ்ஐ அளவுக்குக் காற்று வைத்தால் டயரே ஒரு சஸ்பென்ஷன், செம்மண்ணில் புதையாது, கண்மாய்க்கரையில் அந்தக் குட்டிக்குட்டிக் குழிகளை அப்படியே விழுங்கிவிடும். ஆனால் டயர் தரும் மெத்துக்கு ஒரு குறை உண்டு: அது அமுங்கியதும் அதே வேகத்தில் திருப்பித் தள்ளும். போர்க்கில் எண்ணெய் ஒரு சிறு துளை வழியே போய் வருவதால் திரும்பி எழுவது மெதுவாக நடக்கும், டயரில் அப்படி எதுவும் இல்லை. மெதுவாகப் போகும்போது தெரியாது. வேகமாக இறங்கும்போது அடுத்தடுத்து இரண்டு கல் வந்தால் சைக்கிள் குதிக்க ஆரம்பிக்கும், அப்போது பிரேக் பிடித்தாலும் சக்கரம் தரையில் இருந்தால்தானே.

ஹார்ட்டெயிலில் இது தீரும், ஆனால் போர்க் நல்ல போர்க்காக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அரை லட்சத்துக்குக் கீழே கிடைக்கும் பெரும்பாலான மலைச் சைக்கிள்களில் இருப்பது கம்பிச்சுருள் ஸ்பிரிங் போட்ட கனமான போர்க். ஓட்டுபவர் ஐம்பது கிலோவா, தொண்ணூறு கிலோவா என்ற வித்தியாசமே அதற்குத் தெரியாது. ஏர் போர்க்கில் நம் எடைக்குத் தகுந்த மாதிரி காற்று அடித்துக்கொள்ளலாம். ஏறி உட்கார்ந்தவுடன் மொத்த அசைவில் கால் பங்கு அளவுக்கு அது இறங்க வேண்டும், அதுதான் கணக்கு. மலிவான ஸ்பிரிங் போர்க் ஹார்ட்டெயிலா, நல்ல ரிஜிட்டா என்று கேட்டால் யோசிக்காமல் ரிஜிட் என்பேன். நல்ல ஏர் போர்க் ஹார்ட்டெயிலா, ரிஜிட்டா என்றால் ஹார்ட்டெயில். ஐம்பது மணி நேரம் ஓட்டினால் போர்க்கின் கீழ்க்கால்களைக் கழற்றித் துடைத்து எண்ணெய் மாற்ற வேண்டும், அது வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து செய்யக்கூடிய வேலைதான், பயப்பட வேண்டாம்.

சரி, சஸ்பென்ஷனைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டேன், ஆனால் இந்தப் பக்கத்தில் ஒரு சைக்கிளின் தலையெழுத்தை எழுதுவது சஸ்பென்ஷன் இல்லை. கருவமுள்.

சீமைக்கருவை முள் சாதாரண முள் இல்லை. டயரில் ஏறியதும் பிடுங்கினால் வெளியே வருவது பாதிதான், முனை உள்ளேயே ஒடிந்து நின்றுவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ரப்பரில் கறுப்பாக ஒரு புள்ளி, அவ்வளவுதான். புது டியூப் போட்டுக் காற்றடித்தால் அந்தப் புள்ளி அதையும் குத்தும். பஞ்சர் கடை அண்ணன் டயரைப் பாதி கழற்றி, உள்பக்கம் பூராவும் கட்டைவிரலை மெதுவாகத் தடவிக்கொண்டே வருவது இதற்காகத்தான். விரல் எங்கே நெருடுகிறதோ அங்கே டயரை மடக்கி, கொறடால் முனையைப் பிடித்து இழுப்பார். நெருஞ்சி பரவாயில்லை, அது சின்னது, ஆனால் ஒரே இடத்தில் பத்து ஏறும்.

டியூப்லெஸ் இதற்கென்றே செய்தது போல இருக்கிறது. டியூப் கிடையாது, டயருக்குள் ரப்பர் பால் கலந்த சீலண்ட் ஓடிக்கொண்டிருக்கும். முள் குத்தினால் அந்த இடத்தில் வெள்ளையாக நுரைத்து, சக்கரம் நாலு சுற்றுச் சுற்றுவதற்குள் அடைத்துக்கொள்ளும். ஒடிந்த முனை உள்ளே கிடந்தாலும் குத்துவதற்கு டியூப் இல்லை. காற்றைக் குறைத்து ஓட்டலாம் என்பது அடுத்த லாபம்: 2.4 இஞ்ச் டயரில் டியூப் இருந்தால், காற்று குறைவாக இருக்கும்போது கல்லில் மோதி ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே டியூப் நசுங்கி இரட்டைப் பல் பட்ட மாதிரிக் கிழியும். டியூப்லெஸ்ஸில் 22, 25 பிஎஸ்ஐ வைத்துச் செம்மண்ணில் நிம்மதியாக ஓட்டலாம். இங்கே வெயிலுக்கு சீலண்ட் சீக்கிரம் காய்ந்துவிடும் என்பதைக் கவனிக்க வேண்டும். குளிர் நாட்டுக்காரர்கள் ஆறு மாதம் என்பார்கள், நம் பங்குனி சித்திரைக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது.

இதைக் கேட்ட எங்கள் பகுதி சைக்கிள் கடை அண்ணனுக்கு நம்பிக்கை வரவில்லை.

"டியூபே இல்லாம எப்படித் தம்பி நிக்கும்?"

"மோட்டார் சைக்கிள்ல நிக்குதுல்லண்ணே, அதுதான்."

"அப்ப பஞ்சருக்கு என்கிட்ட வரமாட்டீக."

வருவேன், ரிம் கோட்டம் எடுக்க வருவேன். அது முக்கியமான விஷயம், அதனால்தான் சக்கரம் என்று வரும்போது 32 கம்பி, அதுவும் சாதாரணமாகத் தலை வளைந்த கம்பி போட்ட சக்கரம்தான் வேண்டும் என்கிறேன். நேர்க்கம்பி, 24 கம்பி என்று அழகழகாக வரும், ஒரு கம்பி அறுந்தால் மாற்றுக்கு ஊர் ஊராக அலைய வேண்டும். வால்வும் அப்படித்தான். நல்ல சைக்கிள்களில் வரும் மெலிந்த பிரெஸ்டா வால்வுக்கு நம் கடைப் பம்பு பொருந்தாது. பித்தளையில் ஒரு சின்ன அடாப்டர் கிடைக்கும், அதை வால்விலேயே திருகி வைத்துவிட்டால் பெட்ரோல் பங்கில்கூடக் காற்று பிடிக்கலாம்.

சக்கர அளவில் 26, 27.5, 29 என்று மூன்று. 26-க்கு டியூப், டயர் எந்தக் கடையிலும் தொங்கும், ஆனால் நல்ல டயர் அந்த அளவில் வருவது குறைந்துவிட்டது. 29 என்றதும் "அவ்வளவு பெரிய சக்கரமா" என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு தகவல்: டயர் உட்காரும் இடத்தில் அளந்தால் 29-இன் ரிம் 622 மில்லிமீட்டர், தாத்தா ஓட்டிய 28 இஞ்ச் சைக்கிளின் ரிம் 635. ஆக ரிம்மைப் பார்த்தால் தாத்தாவுடையதுதான் பெரிது, 29 பெரிதாகத் தெரிவது டயரின் கனத்தால். பெரிய சக்கரம் குழியில் விழாமல் மேலாக உருண்டு போகும், கண்மாய்க்கரைக்கு அதுதான் வேண்டும். ஹைபிரிட் சைக்கிள்களுக்கு வரும் 700சி டியூபும் அதே 622 ரிம்முக்கானதுதான், அவசரத்துக்கு அதை இழுத்துப் போட்டு வீடு வந்து சேரலாம். உயரம் ஐந்தடிக்குக் கீழே என்றால் மட்டும் 27.5 பார்க்கலாம். 1990களின் தொடக்கத்தில் பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டபோது, லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் பார் வைத்த பெரிய சைக்கிளிலேயே ஏறிப் போனார்கள் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

டயரின் அகலத்தில் 2.4 இஞ்ச் போதும். 2.6 மணலுக்கு இன்னும் நல்லது, தார் ரோட்டில் கொஞ்சம் இழுக்கும். நடுவில் நெருக்கமான பொத்தான்கள், ஓரத்தில் மட்டும் பெரிய பொத்தான்கள் உள்ள டயராகப் பார்த்து வாங்கினால் தேவகோட்டை ரோட்டில் கொர்ரென்று சத்தம் போடாது.

கியர் விஷயத்தில் பழைய மூன்றுக்கு ஏழு, இருபத்தொரு கியர் என்பதெல்லாம் எண்ணிக்கைதான், பாதிக்குப் பாதி ஒரே மாதிரி. முன்னால் ஒரே பல்சக்கரம் போதும். எனக்குப் பிடித்தது 32 பல், பின்னால் 11 பல் முதல் 51 பல் வரை பதினொரு கியர் உள்ள ஷிமானோ டியோர் வகை. கணக்குப் போட்டுப் பார்த்தேன்: 29 இஞ்ச் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.3 மீட்டர் போகும். மிகக் குறைந்த கியரில் நிமிடத்துக்கு அறுபது மிதி மிதித்தால் மணிக்கு ஐந்து கிலோமீட்டர், அதாவது நடக்கிற வேகத்தில் எழுபது கொண்டையூசி வளைவு உள்ள கொல்லிமலையில்கூட உட்கார்ந்தபடி ஏறலாம். மிகக் கூடிய கியரில் தொண்ணூறு மிதித்தால் 36 கிலோமீட்டர். அதற்கு மேல் தார் ரோட்டில் எனக்கு வேகம் தேவையில்லை. பன்னிரண்டு கியர் வகையில் சின்னப் பல்சக்கரம் 10 பல்லில் வரும், ஆனால் அதற்குப் பின் ஹப்பில் பல்சக்கரங்கள் ஏறும் பாடி தனி வகையாக வேண்டும். பதினொன்று சாதாரண ஹப்பிலேயே ஏறும். பிற்பாடு அலைச்சல் மிச்சம்.

பிரேமுக்கு ஸ்டீலா அலுமினியமா? ஸ்டீல் என்றால் எந்தப் பட்டறையிலும் ஒட்டிக்கொள்ளலாம் என்று பலர் சொல்வதை நான் முழுசாக நம்பவில்லை. இரும்புக் கேட்டுக்கு வெல்டிங் வைக்கிற பட்டறையில், நடுவில் ஒரு மில்லிமீட்டர்கூடக் கனம் இல்லாத குரோமோலி ஸ்டீல் குழாயைக் கொடுத்தால் ஓட்டை போட்டுத்தான் தருவார்கள். கேஸில் பித்தளை வைத்து ஒட்டத் தெரிந்த ஆள் கிடைத்தால் சரி. ஆனாலும் அந்த வாய்ப்பாவது ஸ்டீலில் உண்டு, அலுமினியத்தில் ஒட்டியபின் மறுபடி சூடேற்றிப் பதப்படுத்த வேண்டும், அது இங்கே நடக்காது. பின்னால் சஸ்பென்ஷன் இல்லாத சைக்கிளில் மெலிந்த ஸ்டீல் குழாய் கொஞ்சம் வளைந்து கொடுப்பது இடுப்புக்குத் தெரியும். எடை ஒரு கிலோ கூடும். கார்பன் பற்றி யோசிக்கவே இல்லை. (சைக்கிளில் செட்டிநாட்டுக்கு ஒரு பூர்வீகச் சொந்தம்கூட உண்டு: பிஎஸ்ஏ, ஹெர்குலிஸ் சைக்கிள்களைச் செய்யும் டிஐ சைக்கிள்ஸ் 1949-இல் சென்னையில் தொடங்கியது, அதன் முருகப்பா குடும்பத்துக்குச் சொந்த ஊர் இதோ பள்ளத்தூர்.)

பிரேமின் சாய்மானம் விலைப்பட்டியலில் யாரும் பார்க்காத எண், ஆனால் பார்க்க வேண்டியது. போர்க் தரையோடு சேரும் கோணம் பழைய மலைச் சைக்கிள்களில் 71 பாகை, இறக்கத்தில் தலைகுப்புறப் போகிற பயம் வரும். இப்போது வரும் இறக்கச் சைக்கிள்களில் 64, 63 என்று படுத்திருக்கும், அது சமதரையில் மெதுவாகப் போகும்போது முன்சக்கரத்தை அங்குமிங்கும் அலைய விடும். 66, 67 நடுவாந்திரம். பெடல் அச்சு திருகுமரை போட்டு ஏறும் வகையாக இருக்கட்டும், அழுத்திச் செருகும் வகை நம் தூசியில் சீக்கிரம் கீச்சிட ஆரம்பிக்கும்.

பிரேக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்: மினரல் ஆயில் போட்ட ஹைட்ராலிக் டிஸ்க். வேறு சில பிரேக்குகளில் வரும் டாட் திரவம் ஈரத்தை உறிஞ்சும், பெயிண்டையும் அரிக்கும். ஒயர் டிஸ்க் கடையில் சரிசெய்ய எளிது என்றாலும் சிறுமலை இறக்கத்தில் பதினெட்டு வளைவுக்கும் விரல் கடுக்கப் பிடித்துக்கொண்டு வர வேண்டியிருக்கும்.

சீட்டை ஒரு பட்டனில் இறக்கும் டிராப்பர் போஸ்ட் மலைக்கு மட்டும்தான் என்று நினைப்பவர்கள் உண்டு. சந்தையில் நாலு தடவை இறங்கி ஏறும்போது, அதுவும் கேரியரில் பை இருந்து காலைப் பின்னால் தூக்க முடியாதபோது, சீட்டை இறக்கிவிட்டு முன்பக்கமாகக் காலைப் போட்டு ஏறலாம், வேட்டி கட்டியிருந்தாலும் பிரச்சினை இல்லை. என் கற்பனைச் சைக்கிளில் இது கட்டாயம் உண்டு.

கேரியருக்கும் மட்கார்டுக்கும் பிரேமில் துளை இருக்கிறதா என்று பாருங்கள். விலை கூடக்கூட இந்தத் துளைகள் காணாமல் போவது ஏனென்று எனக்குப் புரிந்ததே இல்லை. பழனிப் பாதையில் துணிமணியும் தண்ணீரும் முதுகில் சுமந்தால் திண்டுக்கல் தாண்டுவதற்குள் முதுகு கொதித்துவிடும்.

ஆக என் முடிவு: ஸ்டீல் ஹார்ட்டெயில், 120 மில்லிமீட்டர் ஏர் போர்க், 29 சக்கரம், 2.4 டியூப்லெஸ், ஒன்றுக்குப் பதினொன்று. இதை அப்படியே பெட்டியில் போட்டு யாரும் விற்பதில்லை, ஏதாவது ஒன்று குறையும். அப்போது எதை முதலில் விடுவது? ஸ்டீலை விட்டு அலுமினியம் எடுங்கள், இழப்பு குறைவு. டிராப்பரைப் பின்னால் வாங்கிப் போடலாம், ஆனால் அதன் ஒயர் உள்ளே போகப் பிரேமில் வழி இருக்கிறதா என்று இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். கியர் ஒன்பதாக இருந்தாலும் ஓடும். ஏர் போர்க்குக்குப் பணம் எட்டவில்லை என்றால் ஸ்பிரிங் போர்க்கில் சமாதானம் ஆகாமல் ரிஜிட்டுக்குப் போங்கள், மூன்று இஞ்ச் டயர் பிரேமில் ஏறுமா என்று மட்டும் கேட்டுவிட்டு. விடவே கூடாதது டியூப்லெஸ் ஏறக்கூடிய ரிம். கடையில் கேட்டால் "எல்லாம் ஏறும் சார்" என்பார்கள். ரிம்மிலேயே டியூப்லெஸ் ரெடி என்று அச்சடித்திருக்கும், சக்கரத்தைச் சுற்றி அந்த எழுத்தைக் கண்ணால் பார்த்துவிட்டுப் பணத்தை எண்ணுங்கள்.